ஆல்ட்ரேஷன் கடையின் மகளிரணித் தலைவி

“மகளிரணித் தலைவி. கொள்கைக் குன்று. மாறாத புன்னகையோடு வீதி வீதியாக ஓடி உழைத்த களப் போராளி.”

தேர்தல் முடிந்ததும் பிரசாரக் குழு வெளியிட்ட நன்றி அறிவிப்பில் அவருடைய படத்துக்குக் கீழே இப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அந்த மகளிரணியில் அவரைத் தவிர மகளிர் யாரும் கிடையாது. கொள்கையைப் பற்றிக் கேட்டவர்களை “அதெல்லாம் தம்பிகிட்ட கேளுங்க” என்று அனுப்பிவிடுவார். புன்னகையை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. படம் எடுக்க வந்தவர் “சிரிங்க” என்றபோது “எதுக்கு?” என்று கேட்க வாய் திறந்தார். அதைத்தான் பிடித்துப் போட்டிருக்கிறார்கள்.

பழைய துணிகளைப் பிரித்துத் தைப்பது அவர் தொழில். கால்சட்டைக்கு உயரம் குறைப்பார், இடுப்பைப் பிடிப்பார், ஜிப் மாற்றுவார். கணவர் லாரி ஓட்டுகிறார். வீட்டில் இருக்கும் நாட்கள் குறைவு. கணவரின் தம்பி டியூஷன் வாத்தியார். அந்த வாத்தியார்தான் வேட்பாளர். வார்டிலிருந்த இலவச மருத்துவமனையை இடித்துவிட்டு அங்கே கடைகள் கட்ட நகரமன்ற உறுப்பினர் திட்டம் போட்டார். அதைத் தடுக்க வாத்தியார் நின்றார். காரணம் நல்ல காரணம்தான். அதற்கு வந்து வாய்த்த ஆட்களைத்தான் சகிக்க முடியவில்லை.

முதல் விசுவாசி ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர். எதற்கெடுத்தாலும் தீர்மானம் போடுவதால் அவர் பெயரே ‘தீர்மானம்’ ஆகிவிட்டது. அடுத்தவர் ‘சவுண்டு’, சொந்தமாக ஒலிபெருக்கி வைத்திருந்தவர். அதைவிட்டால் அவரிடம் வேறு தகுதி எதுவும் இல்லை. மீதிப் பேர் இவர்கள் இருவருக்கும் தலையாட்டுபவர்கள். எல்லோரும் கூடுகிற இடம் ஆல்ட்ரேஷன் கடை. தைக்க வந்த துணிமேல் உட்கார்ந்து புரட்சி பேசுவார்கள். கடையின் ஒரே கண்ணாடிக்கு முன்னால் வேட்பாளர் கையை ஆட்டிப் பேசிப் பழகுவார். சட்டையைப் போட்டுப் பார்க்க வந்தவர் ஓரமாகக் காத்து நிற்பார்.

“அண்ணி, இந்த எடத்துல குரலை ஏத்தணுமா, எறக்கணுமா?”

“நிறுத்தணும். அவரு சட்டை போட்டுப் பாக்கணும்.”

வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார்கள். கதவைத் திறக்காத வீட்டுக்கு மறுபடி போகமாட்டார்கள். உட்காரச் சொல்லும் வீட்டை விடமாட்டார்கள்.

“முனை வீட்டுல நமக்கு அமோக ஆதரவுக்கா!” என்று சவுண்டு பூரித்தார்.

“அது உன் மாமியார் வீடு. அவங்களும் ஆதரிக்கலேன்னா நீ சாப்பாட்டுக்கு எங்க போவே?”

வாக்குச்சாவடியில் உட்கார முகவர் வேண்டுமே என்ற ஞானம் கடைசி வாரத்தில்தான் வந்தது. தீர்மானம் விதிகளை உரக்கப் படித்தார். முகவருக்கு அதே வார்டில் ஓட்டு இருக்க வேண்டும் என்ற இடத்தில் அவர் குரல் தேய்ந்தது. அவர் வீடு பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். சவுண்டு வீடும் அந்தப் பக்கம்தான். தலையாட்டுபவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் வேறு வார்டு. தங்களால் ஓட்டுப் போடவே முடியாத ஒருவருக்காக அத்தனை பேரும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். வார்டு எல்லையைக் கண்டித்துத் தீர்மானம் உடனே தீர்மானம் கொண்டுவந்தார். ஒருமனதாக நிறைவேறியது.

அந்தக் கூட்டத்தில் வேட்பாளரை விட்டால் வார்டில் ஓட்டு இருந்தது அவர் அண்ணிக்கு மட்டும்தான்.

“அண்ணி…”

“தெரியும். இன்னிக்கு நீயே டீ வாங்கிட்டு வந்தப்பவே ஏதோ இருக்குன்னு நெனச்சேன்.”

அண்ணிதான் முகவர் என்ற செய்தி, கடையை வாடகைக்கு விட்டிருந்த சொந்தக்காரர் காதுக்குப் போனது. அவர் நகரமன்ற உறுப்பினரின் மச்சான். மறுநாளே வந்துவிட்டார்.

“ஏம்மா, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? அன்னிக்கு மட்டும் வீட்டுல ரெஸ்ட் எடுங்க. கடை பத்திரமா இருக்கும்.”

“ரெஸ்ட் எடுக்கலேன்னா?”

“கடைக்கும் சேத்து ரெஸ்ட் கொடுத்துருவேன்.”

சொந்தக்காரர் பயந்தது வாத்தியாருக்கு விழும் ஓட்டைக் கண்டு அல்ல. ஊரை விட்டுப் போனவர்களும் உலகை விட்டுப் போனவர்களும் தவறாமல் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போகும் வார்டு அது. கேள்வி கேட்க அங்கே ஒரு ஆள் உட்காருவதைத்தான் அவர் விரும்பவில்லை.

“ஜெயிக்கவா போறான்? உங்க கொழுந்தன் தோக்கத்தான் போறான்.”

“தோக்கட்டும். அவனுக்கு அது வேணும். அதுக்காக நீங்க திருடறதைப் பாத்துட்டு நான் வீட்டுல படுத்திருக்கணுமா?”

தேர்தலன்று காலையிலேயே போய் நாற்காலியைப் பிடித்துவிட்டார். வெளியூர் முகங்கள் வரிசையில் சேர்ந்த நேரத்தில் கடைச் சொந்தக்காரர் சாவடி வாசலில் வந்து நின்றார்.

“பூட்டை மாத்தப் போறேன். உள்ள ஊரார் துணி இருக்கு. வந்து எடுத்துக்கறீங்களா, இல்ல உள்ளயே கெடக்கட்டுமா?”

நம்பிக் கொடுத்தவர்கள் துணி. எழுந்து போனால் வரிசை உள்ளே நுழைந்துவிடும். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே நின்ற சவுண்டையும் மற்றவர்களையும் கூப்பிட்டுக் கடைச் சாவியை எறிந்தார்.

“கடையில இருக்கற துணி மொத்தத்தையும் தூக்கிட்டு என் வீட்டுக்குப் போங்க. கூட்டம் போடாதீங்க. தீர்மானமும் போடாதீங்க. ஓடுங்க!”

ஓடினார்கள். தீர்மானமே தலையில் மூட்டை சுமந்தார். துணிகளோடு கட்டியிருந்த சீட்டுகளை எல்லாம் உதிர்த்துவிட்டு, எந்தக் கால்சட்டை யாருடையது என்று தெரியாமல் குவித்துவைத்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் அந்த இயக்கம் எடுத்த காரியங்களில் உருப்படியாக முடிந்தது அது ஒன்றுதான்.

வாத்தியார் படுதோல்வி அடைந்தார். மருத்துவமனையும் இடிந்தது. நன்றி அறிவிப்பு அதை ‘தார்மீக வெற்றி’ என்கிறது.

மகளிரணித் தலைவி செய்தது இது. அடுத்தவர் பெயரில் ஓட்டுப் போட வந்த ஒவ்வொருவரையும் “இவரு அவரு இல்ல” என்று அதிகாரியிடம் ஆட்சேபித்துத் திருப்பி அனுப்பினார். பெட்டிக்கு முத்திரை வைக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதனால் கடையை இழந்தார்.