கப்பல் நின்ற மூன்று நாட்கள்

இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அத்தான் சொன்னபோது, வேறு யாரையாவது கேளுங்கள் என்று மறுத்தேன். புகழ்ந்து எழுத எனக்கு வராது. போதாக்குறைக்கு, அக்காவோடு எட்டு மாதம் முகம் பாராமல் இருந்தவள் நான். அத்தான் விடவில்லை. "சண்டை பிடிச்சதையும் சேர்த்து எழுதும். அரைகுறைக் கடதாசி அவவுக்குப் பிடிக்காது எண்டு உமக்குத் தெரியுந்தானே" என்றார். ஆகவே, அக்காவின் முப்பத்தோராம் நாளில் கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், மறைக்காமல் எழுதுகிறேன்.

அக்கா தலைநகரத்துக் கொட்டாஞ்சேனையில் பிறந்தார். சொந்த ஊர் யாழ்ப்பாணம் என்று சொல்லிக்கொள்வது அம்மாவின் பெருமை. அக்காவைக் கேட்டால் கொட்டாஞ்சேனை என்றுதான் சொல்லுவார், அதையும் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுவார். அப்பா துறைமுகக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தார். வாடகைக்கு இரண்டு அறைகள், நான்கு பேர். அக்கா சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அப்பா மாரடைப்பில் காலமானார். அதன்பிறகு பகலில் படிப்பு, பின்னேரத்தில் பிள்ளைகளுக்கு ரியூஷன் என்று ஓடித்தான் அக்கா சட்டத்தரணியானார். நான்கு வயது இளையவளான எனக்கு உடுப்பு வாங்கித் தந்தவரும் அவர்தான், சோதனையில் கணக்குப் பிழைத்தபோது காதைத் திருகியவரும் அவர்தான்.

நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் அக்கா தொழில் பழகினார். உறுதிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு வேலையும் சேர்ந்தே வந்தது. காணி உறுதி எழுதினால், கையெழுத்து வைக்கப் போகிறவருக்கு அதை முழுக்க வாசித்து விளங்கப்படுத்த வேண்டும் என்பது சட்டம். பலர் அதைச் சடங்காகச் செய்வார்கள். அக்கா ஒரு வரி விடாமல், விளங்கிற்றா விளங்கிற்றா என்று கேட்டுக் கேட்டு வாசிப்பார். ஒருமுறை வீடு விற்க வந்த ஒருவர், வாசித்ததைக் கேட்டு முடித்ததும் பேனையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தான் எதை விட்டுக்கொடுக்கப் போகிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்கிறது. வந்த வேலையை வாயால் கெடுத்தாய் என்று மூத்தவர் ஏசினாராம். அக்கா அசையவில்லை.

வழக்காடுவதை விட்டு எரிபொருள் நிறுவனம் ஒன்றுக்கு அவர் போனது ஒரு வழக்கால்தான். மருதானையில் பெற்றோல் செட் வைத்திருந்த ஒருவருக்காக அந்த நிறுவனத்துக்கு எதிராக வாதாடி வென்றார். தீர்ப்பு முடிந்து வெளியே வந்தபோது, தோற்ற நிறுவனத்தின் அன்றைய தலைவரே வந்து, எங்களிடம் வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டார். வீட்டில் பூகம்பம். "கறுப்புக் கோட்டைக் கழட்டிப்போட்டு மண்ணெண்ணெய் விக்கப் போறியோ?" என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அக்கா மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டார்.

சட்ட உத்தியோகத்தராகச் சேர்ந்தவர் ஒவ்வொரு படியாக ஏறினார். கப்பல் ஒப்பந்தங்கள், எண்ணெய்த் தாங்கிகள், காஸ் நிரப்பும் நிலையங்கள் என்று எல்லாவற்றையும் கற்றார். தொப்பி போட்டுக்கொண்டு தாங்கியின் உச்சிவரை ஏறிப் பார்த்தவர். அவர் ஏற ஏற மொட்டைக் கடிதங்களும் வந்தன. தமிழ் என்பது சிலருக்குக் குற்றம், பெண் என்பது சிலருக்கு, பொறியியலாளர் இல்லை என்பது மிச்சப் பேருக்கு. அக்கா அந்தக் கடிதங்களிலும் எழுத்துப் பிழைகளைத் திருத்தி ஒரு கோவைக்குள் அடுக்கி வைத்திருந்தார். கடைசியில் கொள்ளுப்பிட்டித் தலைமைக் கந்தோரில் தலைவரின் கதிரை அவருக்குக் கிடைத்தது. அம்மா அதைப் பார்க்க இருக்கவில்லை. அங்கேயும் அக்கா எந்தக் கடதாசியையும் வாய்விட்டு வாசிக்காமல் கையெழுத்து வைக்கமாட்டார். மேடத்தின் பிரசங்கம் என்று உத்தியோகத்தர்கள் பகிடி பண்ணுவார்களாம்.

இனித்தான் நான் எழுதப் பயப்படும் பகுதி வருகிறது.

நாட்டில் சமையல் காஸ் இல்லாத நாட்கள். வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்துத் தெருவோரம் வைத்துவிட்டு, சனம் குடை பிடித்துக்கொண்டு நின்றது. நான் வெள்ளவத்தையில் மதியச் சாப்பாட்டுப் பார்சல் செய்து கந்தோர்களுக்குக் கொடுப்பவள். என்னோடு இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். மூன்று குடும்பத்துக்கும் அந்த அடுப்புத்தான் சோறு போடுகிறது. அது அணைந்து கிடந்தது. அந்த நேரத்தில் காஸோடு ஒரு கப்பல் வந்து துறைமுகத்துக்கு வெளியே நின்றது. அக்கா கையெழுத்து வைத்தால் இறக்கலாம். அக்கா வைக்கவில்லை.

காஸுக்குத் தன்பாட்டில் மணம் கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு மணப்பொருளைக் கலக்கிறார்கள். கப்பலோடு வந்த சான்றிதழை அக்கா வழக்கம்போல எல்லோர் முன்னாலும் வாசித்துக்கொண்டு போனபோது, அந்த மணப்பொருள் எவ்வளவு என்று எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்திருக்கிறது. தட்டச்சில் விடுபட்டிருக்கும், வையுங்கள் மேடம் என்றார்கள். மாதிரி எடுத்துப் பரிசோதியுங்கள் என்றார் அக்கா. மூன்று நாள் எடுக்கும் என்றார்கள். எடுக்கட்டும் என்றார். இதெல்லாம் அவருடைய செயலாளர் பிறகு எனக்குச் சொன்னது.

முதல் நாளே மேலிடத்திலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி. தொலைக்காட்சியில் அக்காவின் படம். அக்கா வீட்டு கேற்றில் யாரோ ஒரு வெறும் சிலிண்டரை உருட்டி மோதிவிட்டுப் போனார்கள். அத்தான் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்.

இரண்டாம் நாள் நான் கொள்ளுப்பிட்டிக்குப் போனேன். அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. ஒரு இடம் நிரப்பவில்லை என்பதற்காகக் கப்பலை மறித்து வைப்பதா என்று கத்தினேன். மணம் இல்லாத காஸ் உன் குசினி அடுப்பிலிருந்து கசிந்தால் உனக்குத் தெரியுமோ என்று அவர் கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அடுப்பு எரியவில்லை என்பதுதான் என்றேன். பிறகு, வெட்கத்தை விட்டு, கம்பனிக் களஞ்சியத்திலிருந்து ஒரேயொரு சிலிண்டர் தரும்படி கேட்டேன்.

"வரிசையிலை நில்லு" என்றார் அக்கா.

அதுதான் சுட்டது. மூன்றாம் நாள் விடிந்ததும் போய் வரிசையில் நின்றேன், வேண்டுமென்றே. வெயில் ஏற ஏறச் சனத்தின் வாயும் சூடேறியது. அந்தப் பொம்பிளைக்குக் காசு போயிருக்கும் என்றார் ஒருவர். அவளை இங்கே கொண்டுவந்து நிற்க வைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். பிள்ளைக்குப் பால் கரைக்கச் சுடுதண்ணீர் வைக்க வழியில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவள், திரும்பி என்னிடம் கேட்டாள்.

"அன்ரி, அவ இங்கை வெள்ளவத்தையிலை இருக்கிற தமிழ் ஆளாம். உங்களுக்குத் தெரியுமோ அவவை?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். அவர்கள் பேசியதற்கெல்லாம் ஓம் ஓம் என்று தலையும் ஆட்டினேன்.

அன்று பின்னேரம் பரிசோதனை முடிவு வந்தது. மணப்பொருள் சரியான அளவில் இருந்தது. விடுபட்டது தட்டச்சில்தான். அக்கா உடனே கையெழுத்து வைத்தார். சனத்தைச் சும்மா வதைத்தார் என்று எல்லா இடமும் அவரைத் திட்டினார்கள். நானும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பிழையும் இல்லையாம், இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஓம். பிழை இல்லை எண்டு இண்டைக்குத்தான் தெரியும். நேற்றுத் தெரியாது" என்றார்.

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். எட்டு மாதம் எடுக்கவே இல்லை. அவர் எடுத்தபோதும் நான் பேசவில்லை. என்ன பிடிவாதம் இது என்று இப்போது என்னையே அடிக்கத் தோன்றுகிறது.

பிறகு எடுத்தவர் அத்தான். அக்காவுக்கு ஈரலில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார். ஓடினேன். வைத்தியசாலையில் அக்கா பாதியாகிக் கிடந்தார். என்னைக் கண்டதும், மெலிந்துவிட்டாய், சமைக்கிறவளுக்குச் சாப்பிடத் தெரியாதோ என்று ஏசினார். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தினமும் கஞ்சி கொண்டுபோனேன். சொல்ல வேண்டியது மட்டும் வாயில் நின்றுகொண்டே இருந்தது.

ஒரு மத்தியானம், அத்தான் மருந்து வாங்கப் போயிருந்த நேரம், சொன்னேன். வரிசையில் கேட்டார்கள், உங்களைத் தெரியாது என்று சொன்னேன் அக்கா என்றேன்.

"எவ்வளவு நேரம் நிண்டனீ?" என்று கேட்டார்.

ஏழு மணித்தியாலம் என்றேன். சிலிண்டர் கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"என்னைத் தெரியும் எண்டு சொல்லியிருந்தா உனக்கு அடி விழுந்திருக்கும்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைத் தெருவிலை நிக்க வைச்சது நான். ஆனா திரும்பவும் கப்பல் வந்தா திரும்பவும் மறிப்பன்" என்றார். நான் அழுதேன். அக்கா அழவில்லை. பதினொரு நாட்களின் பின் அமைதியாகக் கண்ணை மூடினார்.

அக்காவை இரவு பகல் பாராது கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், வரமுடியாமல் வெளிநாட்டிலிருந்து கண்ணீரோடு பேசிய உறவுகளுக்கும், மலர்வளையத்தோடு வந்து வாசலில் நின்ற நிறுவன ஊழியர்களுக்கும், கேற்றில் சிலிண்டர் மோதிய அன்று அத்தானுக்குத் துணையாக வந்திருந்த பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்துக்கும், கிரியைகளை நடத்தித் தந்தவர்களுக்கும், என் அடுப்பை ஒரு மாதம் தாங்கிய இரண்டு பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருத்தி இருக்கிறாள். அன்று வெயிலில் கைக்குழந்தையோடு எனக்கு முன்னால் நின்றவள். உன் பெயர்கூட நான் கேட்கவில்லை, இந்த மலர் உன் கைக்கு வரப்போவதுமில்லை. நீ கேட்டதற்கு நான் பொய் சொல்லிவிட்டேன். எனக்கு அவவைத் தெரியும் பிள்ளை. என்ரை கூடப்பிறந்த அக்கா.