மாதேஷ் வண்டியின் இன்ஜின்

போன வாரம் தர்மபுரியில் காருக்கு ஏ.சி. கேஸ் நிரப்பக் கொடுத்துவிட்டு ஒர்க் ஷாப்பில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பழைய காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் சண்டை. இருக்கிற இன்ஜினுக்கே டர்போ மாட்டிவிடலாம் என்கிறான் ஒருவன். இதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு இன்ஜின் வை என்கிறான் மற்றவன். எனக்கு அதற்குமேல் இருப்புக்கொள்ளவில்லை. வெளியே போய் ஒரு டீ, திரும்பி வந்து, மறுபடி போய் இன்னொரு டீ. அந்தச் சண்டையை நானும் ஒருதரம் போட்டவன்.

அப்போது நானும் ஆரோக்கியமும் பாலக்கோடு டாக்சி ஸ்டாண்டில் கூட்டாக ஒரு டீசல் கார் ஓட்டிக்கொண்டிருந்தோம். தக்காளி வியாபாரிகள்தான் பெரும்பாலும் சவாரி. எதைத் தெளித்துக் கழுவினாலும் டிக்கியில் நசுங்கிய தக்காளி வாசனை போகாது. இன்றைக்கும் ரசம் கொதித்தால் எனக்கு அந்த டிக்கிதான் நினைவுக்கு வருகிறது. இதை வீட்டில் சொல்லக்கூடாது என்று தெரிந்துகொள்ளச் சில வருஷங்கள் ஆயின.

சமதளத்தில் வண்டி குறை சொல்ல முடியாமல் ஓடும். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில்தான் மானம் போகும். லோடு லாரி எல்லாம் எங்களைத் தாண்டிப் போகும். ஒருமுறை ஒரு வியாபாரி, "நான் எறங்கி நடந்து போய் மேல டீ சொல்லி வெக்கட்டுங்களா?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை என்பதுதான் வருத்தம்.

எங்கள் ஸ்டாண்டிலேயே மாதேஷ் என்று ஒருவன். அவன் வண்டியும் எங்களுடைய அதே ரகம்தான், ஆனால் பெரிய இன்ஜின். ஒருநாள் மத்தியானம் தொப்பூர் இறக்கத்தில் டயர் பஞ்சராகி, ஓரம் கட்டி, ஸ்டெப்னி எடுக்க டிக்கியைத் திறந்திருக்கிறான். பின்னால் பிரேக் பிடிக்காமல் வந்த லாரி. அவ்வளவுதான். வண்டியின் பின்பக்கம் இல்லாமலே போய்விட்டது. முன்பக்கத்தில் கீறல்கூட இல்லை.

காரியத்துக்குப் போனபோது அந்த வண்டி அவன் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே நான் அந்த பானெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும் வழியில் ஆரோக்கியம் சொன்னான்: "உன் கண்ணு எங்க போச்சுன்னு பாத்தேன்."

"இரும்புதான அது."

"இரும்புதான். ஆனா அவங்கூட தெனமும் டீ குடிச்சிருக்கோம். அத மாட்டி என்னால ஓட்ட முடியாது. நம்ம இன்ஜினுக்கே டர்போ வெச்சுக்கலாம்."

டர்போ பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் லாரிகளில் எழுதியிருந்ததைப் படித்ததுதான். வெளியே போகிற புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கிற சாமான் என்று மெக்கானிக் விளக்கினார். "பழைய இன்ஜினுங்க, ரொம்ப மிதிக்காதீங்க" என்றும் சொன்னார். சரி என்றோம். மிதித்தோம். மூன்று வாரம் பறந்தோம்.

நாலாவது வாரம் அதே தொப்பூர் ஏற்றத்தில் கேஸ்கெட் வெடித்து, பானெட்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப்புகை. வண்டியில் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு பெரியவரும் அவர் மகளும். வெயிலில் ரோட்டோரக் கல்லில் அவரை உட்காரவைத்து, அந்தப் பெண் எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொண்டிருந்தாள். ஒரு பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிட்டோம். அவர்கள் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மாதேஷின் மனைவி சுமதி ஸ்டாண்டுக்கு வந்தாள். "இரும்புக்குக் கேக்கறாங்கண்ணா. துண்டு துண்டா ஒடச்சிருவாங்களாம். ஓட்டறவங்க யாராச்சும் இன்ஜின எடுத்துக்கிட்டா நல்லாருக்கும்" என்றாள், என்னைப் பார்க்காமல் ஆரோக்கியத்தைப் பார்த்து. அவன்தான் "சரிம்மா" என்றான்.

மாற்றினோம். ஆர்.சி. புத்தகத்தில் புது இன்ஜின் நம்பரை ஏற்ற அலைந்த கதை தனி. முதல் சவாரியிலேயே தொப்பூரை மூன்றாவது கியரில் ஏறியது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சுமதி வீடு சர்க்கரை ஆலைக்குப் போகிற ரோட்டில். ஒரு மாதம் கழித்து எங்களைக் கைகாட்டி நிறுத்தினாள். "அண்ணா, இந்தப் பக்கமா வராதீங்க. வந்ததும் சுடுசோறு வேணும் அவருக்கு. இந்தச் சத்தம் கேட்டா நாம்பாட்டுக்கு எந்திரிச்சு அடுப்பப் பத்த வெச்சர்றேன். அப்பறந்தான் ஞாபகம் வருது."

அன்றிலிருந்து சுற்றுவழியில் போனோம். நாலைந்து மாதம் இருக்கும். சந்தையில் பார்த்தபோது அவளே கேட்டாள்: "ஏண்ணா, இப்பல்லாம் வண்டியே வர்றதில்ல?"

மறுநாள் நான் அவள் வீட்டுப் பக்கம் திருப்பினேன். ஆரோக்கியம் வேண்டாம் என்றான். பாதியில் மறுபடி திருப்பினேன். இப்படியே எத்தனையோ நாள். டர்போவா, வேறு இன்ஜினா என்று முதலில் போட்ட சண்டையும் இன்ஜினைப் பற்றியது இல்லை என்று அப்போது புரியவில்லை.

அதற்கு அவளே முடிவு கட்டினாள். ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்தது, சாமானோடு கொண்டுபோய் விடச் சொன்னாள். அந்த வண்டியிலா என்று தயங்கினோம். "அதுலதான்" என்றாள். முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஓசூரில் இறங்கியதும் பானெட்டின் மேல் கை வைத்தாள். சூட்டுக்குச் சட்டென்று எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"இது ரொம்ப சூடாவுமுங்கண்ணா. தண்ணி பாத்துக்குங்க."

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

அந்த வண்டிக்கு ஆயுள் முடிந்தபோது இரும்புக்காரன்தான் எடுத்துப்போனான். உடைக்கும்போது நாங்கள் இருவருமே போகவில்லை. ஆரோக்கியம் இப்போது அப்பா நிலத்தில் தக்காளி போடுகிறான். ஸ்டாண்ட் இருந்த இடத்தில் செல்போன் கடைகள். என்னுடைய இப்போதைய கார் தொப்பூரை மூச்சு வாங்காமல் ஏறிவிடுகிறது. இன்ஜின் சத்தமே கிடையாது, வாசலில் வந்து நின்றால்கூட என் மனைவிக்குத் தெரிவதில்லை. ஹாரன் அடிக்கிறேன்.