யூனிஸ் எழுதிக் கொடுத்த தாள்

பீர்க்கன்கரணையில் குடியிருக்கும் யூனிஸ், வண்டலூருக்குத் தெற்கே ஒரு மர ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வக உதவியாளர். சவுக்கு மரத்தில் கையகலத்துக்குப் பட்டையை உரித்து, உள்ளே ஊறும் வண்டுகளை லென்ஸ் வைத்து எண்ணி எழுதுவதுதான் பதினெட்டு வருஷமாக அவருடைய வேலை. எள்ளளவே இருக்கும் வண்டு. திடமான மரம் அதை உள்ளே விடாது. நெருக்கத்தில் நின்று தண்ணீருக்குத் தவிக்கும் மரம்தான் அகப்பட்டுக்கொள்ளும்.

இதைச் சோதித்துப் பார்க்கத் தோப்பை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியை அப்படியே விட்டார்கள். இன்னொன்றில் நோஞ்சான் மரங்களை வெட்டி இடைவெளி உண்டாக்கினார்கள். மூன்றாவதில் அப்படி வெட்டியதோடு, தை மாதத்தில் காற்று அடங்கிய ஒரு காலை, தண்ணீர் லாரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தரையில் கிடந்த சருகுக்குத் தீ வைத்தார்கள்.

சித்திரைக்குள் எரித்த பகுதியில் வண்டு பெருகிவிட்டது. பதினோரு மரங்கள் பட்டுப்போயின. தீ வைத்தால் வண்டு வரும் என்று எழுதிச் சோதனையை முடித்துவிடலாம் என்றார் அதிகாரி சத்தியநாதன்.

யூனிஸ் அந்தப் பதினோரு மரங்களையும் சுற்றி வந்தார். எல்லாமே அடியில் முழங்கால் உயரத்துக்குக் கருகியிருந்தன. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெட்டிய மிலாரையெல்லாம், கிளையும் குச்சியுமாகக் கிடந்ததை, சாலைவரை இழுத்துப் போட வேண்டும் என்பது உத்தரவு. ஆட்கள் களைத்துப்போயிருந்தார்கள். பாவமாக இருந்ததால், மரத்தடியிலேயே குவித்துவிடச் சொன்னவர் யூனிஸ்தான். சருகுத் தீ குவியலில் ஏறி மரத்தை வேகவைத்துவிட்டது. வெந்த மரத்தைத் தேடி வண்டு வந்திருக்கிறது.

பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருந்த நேரம் அது. இரண்டு நாள் கழித்து, வேலையாட்களின் தலைவி முனியம்மாவிடம்தான் முதலில் சொன்னார்.

"நீ இன்னாத்துக்கு உன் தலைமேல இழுத்துப் போட்டுக்கினு கீற? யாருக்குத் தெரியும்?" என்றாள் முனியம்மா.

"எனக்குத் தெரியுமே" என்றார் யூனிஸ்.

அதிகாரியின் அறைக்குப் போய் நின்றுகொண்டே சொன்னார்: "தப்பு தீ மேல இல்ல சார். மிலாரை மரத்தடியில குவிக்கச் சொன்னது நான்தான்."

இதை எழுதிக் கொடுக்க முடியுமா என்று சத்தியநாதன் கேட்டார். யூனிஸ் அங்கேயே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. வீட்டில் ஒருநாள் அழுதார். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனார்.

அடுத்த தையில் வேறொரு துண்டு நிலத்தில் மறுபடி செய்தார்கள். இந்த முறை மிலார் முழுவதும் சாலைக்குப் போனது. தீ கணுக்கால் உயரத்தில் மெல்ல நகர்ந்து அணைந்தது. லேசாகக் கருகிய ஏழெட்டு மரங்களில் இரண்டு மாதம் வண்டு இருந்தது; அதன்பின் குறைந்துவிட்டது.

அதற்கடுத்த வருஷம் மழை பொய்த்தது. தொடாமல் விட்ட பகுதியில் மரங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. இடைவெளி விட்ட பகுதிகளில், எரித்ததோ எரிக்காததோ, பெரும்பாலும் தப்பின. வண்டைத் தடுத்தது இடைவெளிதான், தீ சருகை மட்டுமே குறைத்தது என்று அறிக்கை சொன்னது. மரத்தடியில் மிலார் குவிக்கக் கூடாது என்று அதில் ஒரு பத்தி. யாருடைய பெயரும் இல்லை. பேருந்தில் உட்கார்ந்து அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்த யூனிஸுக்கு வெட்கமாகவும் இருந்தது, மனசு லேசாகவும் இருந்தது.