மஞ்சள் பல்கனி

வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடி, ஒரு நாவல்மரத்துக்கு வழிவிட்டு வளைந்து நிற்கிறது. ஒவ்வொரு பல்கனிக்கும் ஒரு நிறம். எனக்கு வாய்த்தது கத்தரிக்காய் நிறம். என் முகத்துக்குப் பொருத்தம் என்றாள் மனைவி.

மூன்றாம் மாடி அக்காவின் மஞ்சள் பல்கனிக்குள் மரத்தின் கிளையே நுழைந்திருந்தது. காகங்களுக்குப் பயந்து குடை பிடித்தபடி அதன் கீழ் கதிரை போட்டு உட்கார்ந்து தினமும் பிளேன்டீ குடிப்பார். ஒல்லியான உருவம், முகத்தைவிடப் பெரிய கண்ணாடி.

கிளையை வெட்டிவிட்டு, கட்டடம் முழுவதும் வெள்ளை அடிக்கக் குடியிருப்பாளர் சங்கம் தீர்மானித்தது. செயலாளர் நான். டை கட்டிக்கொண்டு சொல்லப் போனேன்.

“வெள்ளை அடிச்சால்தான் வடிவு, அக்கா.”

“ஓட்டோக்காரனுக்கு எங்கட வீட்டை என்னெண்டு சொல்லுறனீர் தம்பி?”

“கலர் கலரா, மரம் நிக்கிற பில்டிங் எண்டு.”

“இந்த ஒழுங்கையில ரெண்டு பக்கமும் வெள்ளை பில்டிங். நாளைக்கு என்னெண்டு சொல்லுவீர்?”

நான் டையைத் தளர்த்தினேன்.

“கிளையை வெட்டுறதெண்டால் கதிரையோட என்னையும் சேர்த்து வெட்டச் சொல்லும்.”

வேலையாட்கள் வந்தபோதெல்லாம் குடையை விரித்து உட்கார்ந்தவர் எழும்பவேயில்லை. கடைசியில் அந்த ஒரு பல்கனியை விட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது மிச்சமெல்லாம் வெள்ளை. தீர்மானத்தை நிறைவேற்றிய செயலாளர் ஓட்டோவில் ஏறியதும் சொல்வது இதுதான்: “குடை பிடிச்சுக்கொண்டு ஒரு அக்கா இருப்பா. அந்த மஞ்சள் பல்கனிக்குக் கீழ நிப்பாட்டுங்கோ.”