மெல்ல மூடிய துவக்கு

2006 ஒக்டோபர் 7, சனிக்கிழமை. நோர்வேயில், ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் காலை நான்கரைக்கு எழுந்து, தேநீர் குடித்து, நண்பன் தவத்தின் காரில் எல்க் மான் வேட்டைக்குப் போனேன். என் புதிய அரைத்தானியங்கித் துவக்கைத் தெரிவு செய்து தந்தவன் தவம்தான்.

ஒன்பது மணிக்கு, எங்கள் வேட்டைக் குழுவில் ஒருவர் சுட்டதில் காயப்பட்ட மான் என் முன்னால் தள்ளாடி நின்றது. அதன் வேதனையை முடிக்க விசையை இழுத்தேன். வெடிக்கவில்லை. மான் காட்டுக்குள் ஓடியது.

"என்ன சாமான் வாங்கித் தந்தனீ, விசரா? அங்கை மிருகம் துடிக்குது!" என்று பக்கத்தில் நின்ற தவத்தைப் பார்த்துக் கத்தினேன். குழுவுக்கும் விளங்கட்டும் என்று நோர்வேஜிய மொழியிலும் கத்தினேன்.

தவம் துவக்கை வாங்கிப் பார்த்தான். "போல்ட், தோட்டாவை அடைக்கிற பூட்டு, முழுசா மூடேல்லை. கையாலை மெல்ல விட்டனீங்களோ, அண்ணை?"

"ஓம். சத்தம் கேட்டா மான் ஓடிடுமெல்லே?"

"இதைச் சட்டெண்டு விடவேணும், அப்பத்தான் ஸ்பிரிங் அடிச்சு முழுசா மூடும். கடையிலையே மூண்டு தரம் சொன்னனான்."

சொன்னான்தான். அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது. நாயோடு நான்கு மணித்தியாலம் தேடி அந்த மானை முடித்தவனும் அவன்தான். திரும்பும் வழி முழுக்க, பிழை அவனுடையதாக இருந்திருக்கக்கூடாதா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் குழுவில் ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, பிழை என்னுடையது என்றேன். தவத்தின் எண்ணைக் கடைசியாகத்தான் அழுத்த முடிந்தது.