ஐந்தாவது முறை கழன்ற செயின்

இன்று காலை புதுப்பட்டினம் கடைத்தெருவில் என் சைக்கிள் செயின் மறுபடியும் கழன்றது. இந்த வாரத்தில் ஐந்தாவது முறை. இத்தனைக்கும் செயின் புதுசு. ஆபீஸ் பஸ் வர இருபது நிமிடம்தான் இருந்தது.

பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். பின்சக்கரம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. போன வாரம் பஞ்சர் ஒட்டியவர் கோணலாக மாட்டியிருக்கிறார். பெடல் பக்கத்துப் பல்சக்கரமும் பின்னாலிருக்கும் ஃப்ரீவீலும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் செயின் எப்படி நிற்கும்?

டீக்கடை அண்ணனிடம் ஸ்பேனர் கேட்டேன்.

"உனுக்கு இன்னாத்துக்குமா இந்த பேஜாரு? கடைக்குத் தள்ளிகினு போ" என்றபடியே எடுத்துக் கொடுத்தார்.

பின்சக்கரத்தின் இரண்டு நட்டையும் தளர்த்தி, செயினை மாட்டி, சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து, செயின் தொய்யாமல் பின்னால் இழுத்து இறுக்கினேன். கடைத்தெருவை இரண்டு முறை வேகமாகச் சுற்றி வந்தேன்.

கழலவில்லை! கரகர சத்தம்கூட இல்லை!

ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தபோது அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "என் வண்டியும் இப்டித்தான் கயண்டுகினே கீது. நாளைக்குக் கொஞ்சம் பாக்கிறியாமா?"

சைக்கிளை அங்கேயே பூட்டிவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு பெருமையாகப் பஸ் ஏறினேன்.

உங்கள் சைக்கிளிலும் செயின் கழன்றால் சொல்லுங்கள். என் ரிப்பேர் வரிசையில் அண்ணனுக்கு அடுத்த இடம் இன்னும் காலிதான்.