கிருஷ்ணப்பா நீக்கிய பெயர்கள்

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துப் பக்கத்து வார்டில் இரண்டு முறை கவுன்சிலராக இருந்த கிருஷ்ணப்பாவிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கியவர் ஒருவரும் இல்லை. கேட்டுப் போனவர்களை ராபர்ட்சன்பேட்டையில் இருந்த தன் ஜெராக்ஸ் கடையில் உட்காரவைத்து மனு எழுதிக் கொடுப்பார். "எடுத்துனு போய் வரிசையில நில்லு. அதுக்கு மேல என் கையெழுத்துக்கு இன்னா வேலை?" என்பார்.

அவருடைய அப்பா சுரங்கத்தில், ஆட்களைக் குழிக்குள் இறக்கும் கேஜ் கூண்டின் வாசலில் நின்று ஆட்களை எண்ணி உள்ளே விட்டவர். கணக்குக்கு மேல் ஒருவன் ஏறினால் கேஜை இறக்கச்சொல்லி மணி அடிக்கமாட்டார். சொந்த மச்சானையே ஒருமுறை கையைப் பிடித்து இறக்கிவிட்டிருக்கிறார். கிருஷ்ணப்பாவின் அரசியலும் அதைத் தாண்டிப் பெரிதாக எங்கும் போகவில்லை. சர்க்கார் கொஞ்சமாகச் செய்தால் போதும், செய்வதை ஒழுங்காகச் செய்யவேண்டும். வாசல் சாக்கடை அடைத்துக்கொண்டால் முதலில் வீட்டுக்காரன் கம்பு எடுக்கவேண்டும், அப்புறம்தான் முனிசிபாலிட்டிக்குப் போன் செய்யவேண்டும். கட்சிக்காரர்களே அவரைப் பழைய ஆள் என்பார்கள். அவர் அதைத் திட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

மூன்றாம் முறை நிற்கப்போகிற வருஷம், வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். செத்தவர்கள் பெயர் இருந்தது. அதைவிட அதிகமாக, பெங்களூருக்குப் போய்விட்ட பிள்ளைகளின் பெயர் இருந்தது. மொத்தம் ஐம்பத்து மூன்று. எல்லாருக்கும் நீக்கல் மனு எழுதினார்.

கட்சி வேலை பார்த்த பிரதாப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தான்.

"அண்ணா, இதுல பாதி நம்ம ஆளுங்க. அவங்க பக்கத்துப் பேரை மட்டும் குடுங்க, போதும்."

"போனவன் போனவன்தான். அதுல நம்ம ஆளு இன்னா, அவங்க ஆளு இன்னா?"

"முதல் பேரே ரூபேஷ்னு கீதே."

"ஆமா. என் பையன்தான்."

வாக்காளர் பட்டியல் வேலையாக மனுக்களை விசாரிக்க வந்த அங்கன்வாடி டீச்சர் சுனிதாவும் அந்த வரியில் பேனாவை நிறுத்தினாள். "அவருக்குத் தெரியுமா ஐயா?" என்று கேட்டாள். "நோட்டீஸ் வரும் இல்ல, தெரிஞ்சிக்குவான்" என்றார்.

ரூபேஷ் பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்தான். வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் வருவான், திங்கட்கிழமை விடியலில் போவான். அந்தச் சனிக்கிழமை நோட்டீஸ் டி.வி. மேல் இருந்தது. படித்துவிட்டு அப்பாவிடம் வந்தான்.

"இன்னாப்பா இது?"

"வாரத்துல நாலு நாளு நீ அங்கதான் தூங்கற. எங்க இருக்கறியோ அங்க ஓட்டுப் போடறதுதான் முறை."

"அங்க எனக்கு பி.ஜி.ல ஒரு கட்டில்பா. ஓனர் அக்ரிமென்ட் தரமாட்டான். பேரைச் சேர்க்க என்கிட்ட ஒரு பேப்பர் கிடையாது."

"கேட்டு வாங்கு."

"அதுவரைக்கும் நான் எந்த ஊரு?"

கிருஷ்ணப்பா நோட்டீஸை வாங்கி மடித்து டி.வி. மேலேயே வைத்தார். ரூபேஷ் ஆட்சேபம் சொல்லப் போகவில்லை. பெயர் போயிற்று.

தேர்தல் அன்று காலை பத்து மணிக்கு அவர் பூத் பக்கம் போனபோது, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே ரூபேஷ் நின்றிருந்தான். அவர் மனைவி ரத்தினம்மாவுக்கு முட்டி வலி. அம்மாவை ஆட்டோவில் கூட்டிவந்து, வரிசைவரைக்கும் கைத்தாங்கலாக விட்டுவிட்டுத் திரும்பி வந்திருந்தான்.

"லீவு போட்டியா?" என்றார்.

"போட்டேன். ஊர்ல எலெக்ஷன்னு சொன்னேன். குடுத்தாங்க."

போகிற வருகிறவர்கள் அவருக்கு வணக்கம் வைத்துவிட்டு, "ஓட்டுப் போட்டுட்டியா ரூபேஷு?" என்று கேட்டார்கள். அவன் ஒவ்வொருவரிடமும் "இல்லிங்க" என்று மட்டும் சொன்னான். கிருஷ்ணப்பா பக்கத்தில் நின்று அத்தனை தடவையும் கேட்டார். வெட்கமாகவோ கோபமாகவோ வரும் என்று காத்திருந்தார். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடையதோ மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருந்தது.

பத்தொன்பது ஓட்டில் தோற்றார். எண்ணிக்கை முடிந்த இடத்திலேயே பிரதாப் விரல் விட்டுக் கணக்குச் சொன்னான்: நீக்கிய பெயரில் நம்ம ஆளுங்க இருபத்தேழு. கிருஷ்ணப்பா தலையாட்டினார். ஜெயித்த பிலோமினாவுடன் கைகுலுக்கிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். ரத்தினம்மா சோறு போட்டாள். சாப்பிட்டு எழுந்த பிறகுதான், "சாம்பார்ல உப்பு போட மறந்துட்டேன், நீங்க சொல்லவே இல்ல" என்றாள். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

சில வாரம் கழித்து அவளே பேச்சை எடுத்தாள். ரூபேஷ் இங்கேதான் இருக்கிறான் என்று எழுதி ஒரு கையெழுத்துப் போட்டால் பெயரைத் திரும்பச் சேர்த்துவிடலாமாம், சுனிதா சொன்னாளாம்.

"அவன் இங்க இல்லியே."

"ஒரு கையெழுத்துதானே."

"இல்ல ரத்தினம்மா."

அவள் கட்டிலில் இருந்த துணிகளை மடித்து முடித்தாள், விளக்கை அணைத்தாள். அன்றிலிருந்து அவரிடம் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் வேண்டிய வார்த்தைகள்தான் பேசினாள். அவரும் அதற்குமேல் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் ரூபேஷ் வேறு வீடு பார்த்து, அக்ரிமென்ட் போட்டு, அங்கேயே காடுகோடியில் பெயர் சேர்த்தான். அம்மாவுக்குத்தான் போன் செய்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். "கார்டு வந்துடுச்சிம்மா" என்றது அவன் குரல். பக்கத்தில் இருந்த கிருஷ்ணப்பா, "சரி, நல்லது" என்றார். முறைப்படி நடந்துவிட்டது. சந்தோஷப்படவேண்டிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதன்பிறகு ரூபேஷ் வெள்ளிக்கிழமைதோறும் வருவது நின்றது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தான், பிறகு பண்டிகைக்கு. ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால், "அவன் பெங்களூர்காரன்" என்று சொல்லிவிட்டு, கிருஷ்ணப்பா அடுத்த தாளை ஜெராக்ஸ் மிஷினில் வைப்பார்.